பதின்மூன்றாவது ஜோடி

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்த நிலையத்தில் எலியை முதலிலேயே பிடித்து அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மலையைக் கெல்ல ஆரம்பித்தார்கள். பதினாலு வருஷமாகக் கெல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நெரிசல் ஆய்வு நிலையம் என்று பலகை இருந்தது. உள்ளே நூற்றிருபது பேர் வேலை பார்த்தார்கள். அதில் எலியைக் கையால் தொட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர், எலியை அறுத்துப் பார்க்கிற விஞ்ஞானி அம்மா. இன்னொருவன், எலிக்குத் தீனி போடுகிற கூண்டுக்காரன். மிச்சமிருந்த நூற்றுப் பதினெட்டுப் பேரும், இவர்கள் இரண்டு பேரும் எலியைத் தொட்டது உண்மைதான் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள். கூண்டுக்காரனுக்குச் சம்பளப் பட்டியலில் நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எலி குட்டி போட்டுவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

அவன் பொறுப்பில் ஒரு பட்டி இருந்தது. பத்தடிக்குப் பத்தடி, ஏற முடியாதபடி சுற்றிலும் வழவழப்பான தகரம். தீனித் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றக் கூடாது. பூனை, நோய், குளிர் எதுவும் அண்டக் கூடாது. இடத்தைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தால் எலி என்ன ஆகும் என்பதுதான் ஆய்வு. ஐந்து ஜோடி சுண்டெலியோடு தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் அறுபது. ஆறு மாதத்தில் இருநூறு. வருஷம் முடியும்போது அறுநூறு. இயக்குநர் தன் அறைச் சுவரில் வரைபடத் தாளை ஒட்டி, கோடு மேலே போகப் போகத் தாளுக்கு மேல் தாளாக ஒட்டிக் கூரைவரை போய்விட்டார்.

அறுநூறில் கோடு நின்றது.

தொட்டி நிரம்பி வழிந்தது. பசியால் ஒரு எலியும் சாகவில்லை. ஆனால் பெட்டைகள் சினையாகும், பத்து நாளில் வயிறு வற்றிவிடும். தப்பிப் பெற்றவை குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஒதுக்கிடம் தேடி அலையும், பாதி வழியில் கீழே போட்டுவிட்டு எதற்காகப் புறப்பட்டோம் என்பதே மறந்து நிற்கும். இளசுகள் வயசுக்கு வரவில்லை. தடியன்கள் ஒன்றின் வாலை ஒன்று கடித்தன. எந்தச் சண்டையிலும் சேராத ஒரு கூட்டம் மூலையில் உட்கார்ந்து தின்பதும் மீசையைத் தடவிக்கொள்வதுமாக இருந்தது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கூண்டுக்காரனுக்கு நிர்வாகப் பிரிவு ஞாபகம் வரும்.

இடம் பற்றவில்லை, நெருக்கினால் குட்டி தங்காது என்று அவன் விஞ்ஞானி அம்மாவிடம் அன்றைக்கே சொன்னான். அது கருத்து, தரவு இல்லை என்றார் அவர். பதினாலு மாதம் கழித்து, அறுபத்திரண்டு எலிகளை அறுத்து முடித்த பிறகு, அது தரவானது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி அட்ரீனல் என்று ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பயத்துக்கும் கோபத்துக்கும் அதுதான் குழாய். நெரிசலில் அந்தக் குழாய் மூடுவதே இல்லை, வீங்கிப்போய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அது ஒழுகுகிறவரை உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கிறது. முதலில் நிறுத்துவது பிள்ளை பெறுவதை.

இதை அவர் ஊசியால் சுரப்பியைத் தூக்கிக் காட்டி விளக்கியபோது, கூண்டுக்காரன் எலியைப் பார்க்கவில்லை. வீட்டை நினைத்துக்கொண்டிருந்தான்.

வீடு என்பது நிலையத்தின் ஊழியர் குடியிருப்பில் நாலாம் எண். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. எல்லாம் சேர்த்து நானூறு சதுர அடி. அறையில் டிரைவர் குடும்பம் ஆறு பேர். சமையலறையில் காவலாளியும் மனைவியும் மச்சானும் மூன்று பேர். கூடத்தில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் பொதுவான வழி, இந்தப் பக்கம் கூண்டுக்காரனும் அவன் மனைவியும் அவளுடைய தையல் மிஷினும். திரையை ஒட்டி வருகிறவர்கள் இருமிவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. டிரைவருக்கு நாலு பிள்ளைகள். நாலுக்கும் வருஷம் முழுக்க இருமல்.

கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை தங்கியது. இரண்டு முறையும் மூன்றாம் மாதம் போய்விட்டது. டாக்டர் இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை, இந்த அம்மா கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தால் போதும் என்றார். அதற்கு ஏதாவது மாத்திரை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

குடியிருப்பில் ஒன்பதாம் எண்ணும் பத்தாம் எண்ணும் இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தன. கூண்டுக்காரன் வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டான். குடியிருப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஒவ்வொரு முறையும் அவனை உட்காரச் சொல்லி, பதினாலாம் விதியை அவனுக்குப் படித்துக் காட்டினார். குறைந்தது ஒரு குழந்தையாவது உள்ள ஊழியருக்கே தனி வீடு.

“முதல்ல ஒண்ண பெத்துக்கிட்டு வாப்பா. அன்னைக்கே சாவி. நான் என்ன உனக்கு விரோதியா?”

“அதுக்குத்தான் சார் வீடு கேக்குறேன்.”

“அதுக்குத்தான்னு விதியில இல்லையே.”

அவர் கெட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் அழகான குறிப்புகள் எழுதிவைத்திருந்தார். பாதி விதிகளை அவரே எழுதியவர். தான் பெற்ற பிள்ளையை யாராவது குறை சொன்னால் தகப்பனுக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அவருக்கு இருந்தது.

அந்த வருஷம் நிலையத்தில் பெரிய கருத்தரங்கு வைத்தார்கள். வெளியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். ஐம்பது பேர் உட்காரும் அரங்கில் இருநூறு பேரை உட்காரவைத்தார்கள். கூண்டுக்காரன் சுவரோடு சுவராக, கையில் ஒரு எலிக்கூண்டோடு நின்றான். தேவைப்பட்டால் தூக்கிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. தேவைப்படவில்லை. இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். கடைசிப் பகுதி மட்டும் அவனுக்கு அப்படியே மனப்பாடமாகிவிட்டது.

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்னு நம்ம முன்னோர் அன்னைக்கே சொல்லிட்டாங்க. ஆனா அவங்ககிட்ட ஆதாரம் இல்ல. சும்மா சொல்லிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு நாம அறுநூறு எலியை வச்சு அத நிரூபிச்சிருக்கோம். ஒதுங்க ஒரு மூலை, மூட ஒரு கதவு, இது இல்லாத உயிருக்கு அடுத்த தலைமுறை இல்ல. இது தெரிஞ்சும் ஒரு உயிரை நெருக்கி வைக்கிறவன் அறிவியல் தெரியாதவன் இல்ல, இரக்கம் தெரியாதவன்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நெருக்கி உட்கார்ந்திருந்ததால் ஒருவர் தட்டியது இன்னொருவர் மேல் பட்டது. வெளியே வந்த கூண்டுக்காரனிடம் பியூன் ஒரு உறையை நீட்டினான். ஆறாவது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கீழே இயக்குநர் கையெழுத்து, அன்றைய தேதி. மேடை ஏறுவதற்கு முன்னால் போட்டிருப்பார்.

அவன் அதை மனைவியிடம் கொடுத்தான். கூடவே கருத்தரங்கில் கொடுத்த புத்தகத்தையும் கொடுத்தான். அவள் கடிதத்தை மடித்து மிஷின் ஊசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புத்தகத்தைப் படித்தாள். அட்டையிலிருந்து அட்டைவரை படித்தாள். அதற்குள் திரைக்கு அந்தப் பக்கம் பதினேழு முறை இருமல் கேட்டது.

“இதையே மனுவோட சேத்து வச்சுக் குடுங்க” என்றாள்.

“இது எலியப் பத்தி.”

“அவங்க மனுசனப் பத்தி எதுவும் எழுதலையே. இருக்கறத வச்சுத்தான் கேக்கணும்.”

கண்காணிப்பாளருக்கு அந்த இணைப்பு பிடிபடவே இல்லை. அவர் பணிக்காலத்தில் எந்த ஊழியரும் நிலையத்தின் ஆய்வை மேற்கோள் காட்டி நிலையத்திடம் எதையும் கேட்டதில்லை. அறிக்கைகள் வெளியில் இருக்கிறவர்களுக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார். இது எலிக்குப்பா என்று புத்தகத்தைத் திருப்பித் தரப் பார்த்தார். அவன் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல், எலியின் முடிவுகள் ஊழியருக்குப் பொருந்துமா என்று விஞ்ஞானி அம்மாவிடம் கோப்பை அனுப்பினார். பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம், அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்று அவர் எழுதினார். அளப்பதற்கு ஒரு குழு போட்டார்கள்.

குழு நாலாம் எண் வீட்டுக்கு வந்தது. ஆறு பேர். வீட்டில் ஏற்கெனவே பதினொரு பேர் இருந்ததால், குழுவுக்கு இடம் வேண்டும் என்று குடியிருந்தவர்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். காலி வீட்டை நாடாவால் அளந்தார்கள். போகும்போது ஒரு உறுப்பினர், நல்ல விசாலமான வீடு என்று சொன்னதை டிரைவர் கேட்டார்.

“தம்பி, எனக்கு ஒண்ணும் ஆத்திரமில்ல. நாலு பெத்தும் எனக்கு இந்த ரூம்தான். உனக்கு எப்படிக் குடுப்பாங்க?” என்றார் டிரைவர்.

“உங்களுக்கு ஏன்ணே தனி வீடு குடுக்கல? விதிப்படி குடுக்கணுமே?”

“எங்கள மாத்தினா நாலாம் நம்பர்ல ஆள் கொறஞ்சிடுமாம். ஒரு வீட்டுக்குப் பத்துப் பேருக்குக் கொறையக் கூடாதாம். அது பதினஞ்சாவது விதி.”

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. கூண்டுக்காரன் அதை நின்றபடி படித்தான், பிறகு உட்கார்ந்து படித்தான். எலிப் பட்டி நூறு சதுர அடி. அதில் அறுநூறு எலி சேர்ந்த பிறகே பிறப்பு நின்றது. ஆக, சதுர அடிக்கு ஆறு உயிர் என்பது நெரிசலின் எல்லை. நாலாம் எண் வீடு நானூறு சதுர அடி. எல்லையைத் தொட இரண்டாயிரத்து நானூறு பேர் வேண்டும். தற்போது இருப்பவர்கள் பதினொரு பேர். இன்னும் இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது பேருக்கு அந்த வீட்டில் இடமிருக்கிறது. மனுதாரர் கூறும் நெரிசல் அவருடைய மனத்தில் உள்ளது.

“சார், எலி இத்துனூண்டு” என்று விரலால் காட்டினான்.

“உயிர்ல பெரிசு சின்னது பாக்கலாமாப்பா?” என்றார் கண்காணிப்பாளர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். செக்குமாட்டைக் கொம்பில் பிடித்து நிறுத்தலாம், செக்கை எந்தக் கொம்பில் பிடிப்பது?

அந்த வாரமே இன்னொரு உத்தரவு வந்தது. ஆய்வின் அடுத்த கட்டம்: நெரிசலிலிருந்து எடுத்துத் தனியே வைத்தால் சுரப்பி சுருங்குகிறதா, குட்டி தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஜோடி எலிகளை நடமாட்டமும் சத்தமும் இல்லாத ஓர் இடத்துக்கு மாற்ற வேண்டும். குடியிருப்பின் ஒன்பதாம் எண் வீடு அதற்கு ஒதுக்கப்படுகிறது. பத்தாம் எண் வீடு, காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காலியாகவே வைக்கப்படும்.

ஒன்பதாம் எண்ணைக் கூண்டுக்காரன்தான் திறந்தான். அவன்தான் பெருக்கினான். அறைக்கு நாலு ஜோடி வீதம் பெட்டி அடித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் கீல் வைத்த சின்னக் கதவு போட்டு, கதவுக்கு உள்பக்கம் சணல்திரை வைத்தான். உள்ளே விட்ட முதல் பெட்டை, கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முன்னங்காலால் சணலை இழுத்துப் போட்டு இடுக்கை அடைத்துக்கொண்டது. அவன் கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தான். பிறகு வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னான்.

மனைவி மிஷினை நிறுத்தினாள்.

“எலிக்குப் பதினாலாவது விதி கிடையாதா?”

“அது ஊழியருக்கு மட்டும்தான்.”

“அப்ப நாம ஊழியரா இருக்கறதுதான் கோளாறு.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் தைக்க வேண்டிய துணிகளை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறை வாசலில் உட்கார்ந்தாள். ஊசியும் நூலுமாக மத்தியானம்வரை ஆறு சட்டைக்குப் பொத்தான் வைத்தாள். பியூன் மூன்று முறை எழுந்து போகச் சொன்னான், நாலாவது முறை தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். நாலு மணிக்கு இயக்குநர் உள்ளே கூப்பிட்டார். அங்கே விஞ்ஞானி அம்மாவும் இருந்தார்.

“பன்னெண்டு ஜோடி எலிக்குத் தனி வீடு குடுத்திருக்கீங்க சார். பதிமூணாவது ஜோடியா எங்களச் சேத்துக்குங்க. எலின்னே எழுதிக்குங்க, எனக்கு வருத்தமில்ல.”

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது என்று பியூன் பிற்பாடு சொன்னான். “இந்த நிலையத்து மேல இவ்வளவு நம்பிக்கை வச்ச ஒரு உயிரிய நான் இதுவரைக்கும் பாத்ததில்லம்மா” என்றார். ஊழியருக்கு வீடு கொடுத்தால் அது சலுகை, நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள். உயிரிக்கு வீடு கொடுத்தால் அது ஆய்வு. யார் கேட்க முடியும்? கூரையில் முட்டி நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு புதுத் தாளை அவரே எடுத்துவைத்தார்.

உயிரிச் சேர்க்கைப் படிவத்தைக் கண்காணிப்பாளர் நிரப்பினார். இனம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேற்படி என்று எழுதினார். ரோமத்தின் நிறம் கறுப்பு. வால் நீளம் என்ற இடத்தைக் காலியாக விட முடியாது என்பதால் பூஜ்யம் போட்டு, அளந்து பார்த்ததாகக் கையெழுத்திட்டார். காது அடையாளம் வேண்டும். எலிக்குக் காதில் சின்ன ஓட்டை போடுவார்கள். அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதும் என்று விஞ்ஞானி அம்மா தாராளமாக நடந்துகொண்டார். கூண்டுக்காரன் காதில் மட்டும் பதின்மூன்று என்று எழுதிய அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

கையெழுத்துப் போடுமுன் மனைவி படிவத்தைப் படித்தாள். எதையும் முழுசாகப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“தொண்ணூறாம் நாள் ஆய்வு முடிஞ்சதும் ரெண்டு உயிரியோட அட்ரீனல் சுரப்பியையும் வெட்டி எடுத்து எடை போடணும்னு போட்டிருக்கே?”

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். “அது எப்பவும் இருக்கற வரிம்மா.”

“அத அடிச்சிருங்க.”

“அச்சடிச்ச வரிய நான் எப்படிம்மா அடிக்க முடியும்? குழு கூடி அடிக்கணும். அடுத்த கூட்டம் நூத்திருபதாம் நாள்தான்.”

“அப்ப முப்பது நாள் சுரப்பி இல்லாம இருக்கணும்.”

“எழுதினா எல்லாத்தையும் செய்யறோமாம்மா?” என்றார் கண்காணிப்பாளர். விதியைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அவரே கொஞ்சம் வெளிறிப்போனார்.

கூண்டுக்காரன் மனைவியின் கையைப் பிடித்தான். வேண்டாம் என்று தலையசைத்தான். அறுபத்திரண்டு எலிகளை விஞ்ஞானி அம்மாவின் அறுவை மேஜையிலிருந்து வாளியில் வாரியவன் அவன். அவள் அவன் காதில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியே தெரிந்த குடியிருப்பைப் பார்த்தாள்.

“தொண்ணூறு நாள் கதவு” என்றாள். “பேனாவக் குடுங்க.”

ஒப்பிட்டுப் பார்க்கக் காலியாக வைத்த பத்தாம் எண்ணை இயக்குநர் பதின்மூன்றாவது ஜோடிக்கு மாற்றி எழுதினார். அன்றைக்கே குடிபோனார்கள். சாமான் என்று இருந்தது மிஷினும் இரண்டு பெட்டியும். திரையை அவள் கொண்டுவரவில்லை. டிரைவர் பிள்ளைகள் மிஷினைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று பழக்கதோஷத்தில் இருமின. அவள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு இரண்டு பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவள் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்துபார்த்தாள். ஒருவர் மேலும் இடிக்கவில்லை. அவன் வாய்விட்டுப் பேச ஆரம்பித்து, ஆறு வருஷமாகக் குசுகுசுவென்றே பேசிப் பழகியதில் சத்தம் வராமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

பியூன் நோட்டோடு நின்றான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜோடியைப் பார்த்து எழுத வேண்டும் என்று உத்தரவு. காலை ஆறு முதல் மாலை ஆறுவரை. அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. உள்ளே வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கண்ணோரத்தால் பார்த்து எழுதினான். ஆண் நிற்கிறது. பெண் பெருக்குகிறது. அடுத்த தடவை: ஆண் வேலைக்குப் போயிருக்கிறது. பெண் தைக்கிறது. அதற்கடுத்த தடவை: பெண் முறைக்கிறது.

மூன்று நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் மாலை, அவன் வேலையிலிருந்து வந்து, இரண்டு பேரும் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக எதற்கோ வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது தட்டல் கேட்டது. அவள் முகத்தில் இருந்தது அப்படியே வடிந்துபோனதை அவன் பார்த்தான். பட்டியில் தடியன் நெருங்கும்போது பெட்டை அப்படித்தான் உறையும். எழுந்தவனை அவள் உட்காரச் சொன்னாள்.

“தட்டட்டும்.”

பியூன் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனான். அவனுக்கும் நிம்மதி. அதன் பிறகு அவர்கள் யாருக்கும் திறக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பியூன் வந்தான், தட்டினான், காணப்படவில்லை என்று எழுதினான். தோட்டத்தில் உட்கார்ந்து முன்கூட்டியே நாலு நாளுக்கு எழுதிவைத்துக்கொண்டான்.

குழு கூடியது. நூற்றிருபதாம் நாள்வரை கூடாது என்றிருந்த குழு அவசரம் என்பதால் ஏழாம் நாளே கூடியது. சுரப்பி வரி பொருளில் இல்லாததால் அதைப் பேசவில்லை. நடந்ததைப் பியூன்தான் வந்து கதவுக்கு வெளியே நின்று சொன்னான். நெரிசல் நீங்கியதும் உயிரி மறைந்துகொள்கிறது, இது மகத்தான கண்டுபிடிப்பு என்று இயக்குநர் மகிழ்ந்தாராம். ஆனால் கண்ணால் பார்க்காததைக் கோடாகப் போட முடியாதே என்று விஞ்ஞானி அம்மா கேட்டாராம். அரை நாள் பேசி முடிவெடுத்தார்கள். முடிவு இது: பதின்மூன்றாவது ஜோடிக்குக் கதவினால் அமைதி கிடைத்திருப்பதாகத் தெரிகிறது. கதவு இருப்பதால் அந்த அமைதியை அளக்க முடியவில்லை. ஆகவே அமைதியை அளப்பதற்காகக் கதவு அகற்றப்படும்.

தச்சர் உளி சுத்தியலோடு வந்தார். கூடவே கண்காணிப்பாளர். ஆனால் வீட்டிலுள்ள எந்தப் பொருளை அகற்றுவதானாலும், குடியிருப்பவரிடம் அவர் வீட்டு வாசலில் உத்தரவை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. இருபதாம் விதி. கண்காணிப்பாளர் எழுதியது. அவர் எழுதியதிலேயே அழகானது என்று பெயர் வாங்கியது. அதை அவரால் மீற முடியாது. கதவைத் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தச்சர் கீலை வெளியிலிருந்தே கழற்றிவிடலாம் என்றார். கண்காணிப்பாளர் அவரை மனிதனே இல்லை என்பதுபோலப் பார்த்தார்.

மத்தியானம் கூண்டு அறைக்குப் போய்க் கூண்டுக்காரனைப் பிடித்தார். உத்தரவை நீட்டினார்.

“இங்க வாங்கினா செல்லாது சார். வீட்டு வாசல்லன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க.”

கண்காணிப்பாளர் விதியை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். சரிதான். அவர் முகத்தில், எரிச்சலையும் மீறி, ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. “அப்ப காலைல உன் வீட்டு வாசல்ல நிக்கறேன். வேலைக்கு வந்துதானே ஆகணும்” என்றார்.

நின்றார். மறுநாள் விடிந்ததிலிருந்து கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தச்சர். ஏழு மணிக்குப் பட்டியில் தீனி போட்டாக வேண்டும். போடாவிட்டால் அறுநூறு எலியும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். கதவைத் திறந்தால் கதவு போகும். கூண்டுக்காரன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். இந்த ஆறு வருஷத்தில் தான் கேட்டது என்ன என்று யோசித்துப்பார்த்தான். ஒரு பலகை, இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள். அதற்கு ஏழு விண்ணப்பம், ஒரு குழு, நாடா அளவு, காதில் அட்டை. பற்களைக் கடித்துக்கொண்டு கதவில் கைவைத்தான். மனைவி அவன் தோளைத் தட்டிப் பின்பக்கம் காட்டினாள். சமையலறை ஜன்னலுக்குக் கம்பி இல்லை. வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் யாரோ கழற்றிப்போயிருந்தார்கள்.

முதல் நாள் முட்டி சிராய்த்தது. இரண்டாம் நாள் சட்டை கிழிந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கூண்டு அறையில் அவனைப் பார்க்கும்போதெல்லாம், எந்த வழியாக வந்தாய் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை.

பதினோராம் நாள் காலை அவன் ஜன்னலில் ஒரு காலை வெளியே போட்டு, மறுகாலை எடுப்பதற்குள், பின்பக்கப் புல்வெளியில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்பதைப் பார்த்தான். வெளியூர் நிபுணர்கள். ஒன்பதாம் எண்ணில் எலிகளைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். முன்னால் இயக்குநர். அவர் ஒரு கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

“அசையாதீங்க” என்றார் தாழ்ந்த குரலில். “பதிமூணாவது ஜோடியோட ஆண். தானாவே ரெண்டாவது வழி ஏற்படுத்திக்கிட்டிருக்கு. சத்தம் கேட்டா உள்ள போயிடும்.”

சத்தம் கேட்டுச் சுற்றி வந்த கண்காணிப்பாளர், உத்தரவை ஆட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். இயக்குநர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆய்வு நேரத்தில் உயிரியை நெருங்கக் கூடாது என்பது இயக்குநரின் நிரந்தர உத்தரவு. மேலும் இது ஜன்னல், வாசல் இல்லை என்று தச்சர் பின்னாலிருந்து சொன்னார். கண்காணிப்பாளர் தாளோடு அப்படியே நின்றார். நிபுணர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

கூண்டுக்காரன் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. காதில் அட்டை ஆடியது. அவர்களைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. மனுசன்டா என்று கத்தலாம். கத்தினால் அடுத்த நிமிஷமே அவன் ஊழியன். ஊழியனுக்குப் பதினாலாம் விதி. வாயை மூடிக்கொண்டான். மூக்கு விடைக்க இரண்டு மூச்சு விட்டான். அதையும் யாரோ எழுதினார்கள்.

பிறகு கீழே குதித்தான். உள்ளிருந்து மனைவி சாப்பாட்டுப் பையை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் தலையை வெளியே நீட்டி, வரிசையாக நின்ற ஒவ்வொருவரையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். ஒருவரும் கண் சிமிட்டவில்லை. ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

பியூன் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டான்: ஆறு ஐம்பது. ஆண் இரை தேடிப் போகிறது. பெண் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.